மேட் இன் விருத்தாசலம்

கேள்வி: விருத்தாசலம் பீங்கான் பொம்மைப் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘மேட் ஆஃப் சைனா’ என்று அச்சடிக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் அச்சகத்தில் கை தவறி ‘ஆஃப்’ போய் ‘இன்’ விழுந்துவிட்டால், மணிமுத்தாற்றங்கரைப் பிள்ளையார் பெய்ஜிங் பிள்ளையாராகிவிடுவார்! ‘சைனா’வின் முதல் எழுத்திலும் கண் வேண்டும்: சின்ன ‘சி’ போட்டால் பீங்கான், பெரிய ‘சி’ போட்டால் நாடு.

மூலப்பொருள் பார்த்ததும் தெரிந்தால் ‘மேட் ஆஃப்’; உருமாறிப் போயிருந்தால் ‘மேட் ஃப்ரம்’. பொம்மை பீங்கான் என்பது பார்த்தாலே தெரியும். அந்தப் பீங்கானோ களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் கலந்து, சூளையில் 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்து, ஆளே மாறிப்போனது. அதற்கு ‘ஃப்ரம்’.

கௌரவத்துக்காக ‘போன் சைனா’ என்று மட்டும் போட்டுவிட வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஜோசையா ஸ்போட் பக்குவப்படுத்திய அந்த வகையில், ஏறக்குறைய பாதி மாட்டெலும்புச் சாம்பல். கொலுப்படியில் ஏறும் பிள்ளையாருக்கு எதற்கு இந்த வம்பு?