கொல்லையில் ஒரு நெடுஞ்சாலை

கும்பகோணத்து மண்ணில் நெல் விளையும், வாழை விளையும், வெற்றிலை விளையும். கல் மட்டும் விளையாது. சுற்றுவட்டாரம் முழுவதும் காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். பக்கத்துத் தஞ்சையில் 1010-இல் பெரிய கோயிலைக் கட்டி முடித்த ராஜராஜனே, 216 அடி விமானத்துக்கான கருங்கல்லை வெளியூரிலிருந்துதான் இழுத்துவர வேண்டியிருந்தது. ஆகவே, கொல்லையில் முப்பதடி நீளத்துக்குக் கல்பாதை போடக் கிளம்பிய ஓர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிக்குச் சரித்திரம் துணை நின்றது. யானையும் இருந்தது; ஊரார் குட்டியானை என்று கூப்பிடும் சின்ன சரக்கு வண்டி.

வீடு பழைய பாணி. திண்ணையில் உட்கார்ந்தால் ரேழி, கூடம், அடுக்களை எல்லாம் தாண்டிக் கொல்லைக் கதவு தெரியும். கிணறு இருந்த காலத்தில் அந்தக் கதவு சாத்தியதே இல்லை. போர்வெல் வந்தது, வாஷிங் மெஷின் வந்தது. கொல்லையில் யாருக்கும் ஜோலி இல்லாமல் போயிற்று. மனிதர்கள் வெளியேறிய இடத்தில் கோரைப்புல் குடியேறியது.

கோரையை வெட்டுவது சுலபம், ஒழிப்பதுதான் கஷ்டம். மேலே தெரியும் புல் வெறும் பெயர்ப்பலகை. முதலாளி மண்ணுக்கடியில் கிழங்காக உட்கார்ந்திருப்பார். ஒரு கிழங்கிலிருந்து நூல்போல வேர்த்தண்டு ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று. புல்லைப் பிடித்து இழுத்தால் அது நம் கையோடு வந்துவிடும், கிழங்கு உள்ளேயே தங்கிப் புதுத் தளிர் விடும். இதையே நாட்டுமருந்துக் கடையில் முத்தக்காசு என்று பொட்டலம் கட்டி விலைக்குக் கொடுக்கிறார்கள். வாராக் கடன்களை வசூலித்த அனுபவம் உள்ளவர் என்பதால், அதிகாரி மனம் தளராமல் தோண்டினார்.

தோண்டியதில் கிழங்கோடு ஓர் உடைந்த அரிக்கேன் விளக்கும், துவைக்கிற கல்லும், மிக்ஸி வந்த நாளில் நாடு கடத்தப்பட்ட அம்மியும் கிடைத்தன. அம்மியைப் பாதையின் முதல் படியாகப் பதிக்கலாம் என்றார் அதிகாரி. அவருடைய தாயார் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

"கல்யாணத்தன்னிக்கு ஒரு தடவை மிதிச்சதுக்கே இத்தனை வருஷம் அனுபவிச்சாச்சு. தினம் வேற மிதிக்கணுமா?"

துவைக்கிற கல்லுக்கு அப்படிப்பட்ட முன்கதை ஏதும் இல்லாததால் அது படியாயிற்று.

அடுத்து, எந்தக் கல்? மலிவாகவும் மட்டமாகவும் கிடைப்பது ஆந்திரத்திலிருந்து வரும் கடப்பா கல். ஆனால் அது கறுப்பு; சித்திரை வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, வடாம் காயப்போட வெறுங்காலோடு வருகிறவர் பாதத்தில் திருப்பிக் கொடுக்கும். சுண்ணாம்புக் கல் வகை என்பதால் எலுமிச்சைச் சாறு பட்டாலே தழும்பு விழும். கொல்லையிலோ ஒரு எலுமிச்சை மரம் நிற்கிறது. எனவே உளியால் கொத்திய கருங்கல். இரண்டடிக்கு ஒன்றரை அடி, மூன்றங்குல கனம். ஒரு கன அடி கருங்கல் சுமார் 75 கிலோ என்பதால், ஒரு பலகை 56 கிலோ. உபரி மூன்றையும் சேர்த்துப் பதினெட்டுப் பலகை ஒரு டன்னைத் தாண்டியது. முக்கால் டன் சுமக்கும் குட்டியானை இரண்டு நடை வந்தது. கணக்குப் போட்டபோது ஒரு நடைக்குத்தான் வாடகை எழுதியிருந்தார்கள்.

மேஸ்திரி வந்ததும் பத்தங்குல ஆழத்துக்குப் பள்ளம் வெட்டச் சொன்னார்.

"நடக்கத்தானே கேட்டேன்? சம்ப் கட்டப்போறீங்களா?" என்றார் அதிகாரி.

மேஸ்திரி சொன்னதில் நியாயம் இருந்தது. களிமண் ஐப்பசி மழையில் ஊறி உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் நேராகக் கல்லை வைத்தால் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், ஒன்று ஆடும். அதனால் அடியில் ஐந்தங்குலம் ஜல்லி போட்டு இடிக்க வேண்டும். மேலே இரண்டங்குலம் எம்-சாண்ட். அதற்கும் மேலே கல். சிமெண்ட் கிடையாது. மழைத் தண்ணீர் இடுக்கு வழியே இறங்கிவிடும், தேவைப்பட்டால் கல்லைப் பெயர்த்தும் வைக்கலாம்.

பிறகு ரசமட்டம் வெளியே வந்தது. குமிழி நட்டநடுவில் நிற்க வேண்டும் என்பது அதிகாரியின் கட்சி. நிற்காவிட்டால் அவருக்குக் கணக்கு டேலி ஆகவில்லை என்றே பொருள். மேஸ்திரியோ ஒவ்வொரு கல்லையும் வேண்டுமென்றே சாய்த்தார். ஐம்பதுக்கு ஒன்று என்று வாட்டம் விட வேண்டும். இரண்டடிக்கு அரை அங்குலம், அதுவும் வீட்டுச் சுவருக்கு எதிர்ப்பக்கமாக. இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் அடுக்களைக்கு விருந்தாளியாக வரும். குமிழி ஓரத்தில் ஒதுங்கி நின்றதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் அதிகாரி காப்பி குடிக்கப் போனார்.

கற்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதில் குடும்பமே சபை கூடியது. பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் ஜப்பானியத் தேநீர்த் தோட்டங்களை எடுத்துக்காட்டினாள். 16-ஆம் நூற்றாண்டின் தேநீர்க் குரு சென் நோ ரிக்யூ, நடைக்கல் வைப்பதில் ஆறு பங்கு நடைக்கும் நான்கு பங்கு அழகுக்கும் என்றாராம். அவருடைய சீடர் ஃபுருதா ஒரிபே அதைத் தலைகீழாக்கி அழகுக்கு ஆறு என்றாராம். "இங்க பத்தும் நடைக்குத்தான்" என்று முடித்தார் மேஸ்திரி. காலை நனைத்துக்கொண்டு சிமெண்ட் தரையில் நடக்கச் சொல்லி, ஈரத் தடங்களை அளந்தார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால் அதிகாரி ராணுவ அணிவகுப்புக்குரிய எட்டு வைத்தார். மேஸ்திரி அதைக் கணக்கில் சேர்க்காமல், நடுவுக்கு நடு இரண்டடி என்று குறித்துக்கொண்டார்.

எல்லாம் பதித்து முடித்த அன்று மகள் இன்னொரு செய்தி சொன்னாள். சார்லஸ் டார்வின் தன் வீட்டுப் புல்வெளியில் 1843-இல் சிறு கற்களால் ஒரு பாதை போட்டார். மண்புழுக்கள் அடியிலிருந்து மண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து தள்ளின, களையும் சேர்ந்துகொண்டது. பெருக்கிப் பெருக்கி அலுத்து விட்டுவிட்டார்கள். 1877-இல் புல்லைச் சீவிப் பார்த்தபோது, கற்கள் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடியே, ஓரங்குல மண்ணுக்கடியில் இருந்தன. 1881-இல் மண்புழுக்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்திலேயே இது வருகிறது.

மேஸ்திரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ஊர்ல ஜல்லி போடலியாம்மா?" என்றார்.

மண்புழுவுக்கு முன்னால் தாயார் முந்திக்கொண்டார். பாதை நூல் பிடித்தாற்போல் கொல்லைக் கதவிலிருந்து கடைசி மதில்வரை நேராகப் போகிறது. கறிவேப்பிலை மரமோ இடதுபக்கம் நிற்கிறது. ரசம் அடுப்பில் கொதிக்கும்போது யாரும் நூல் பிடித்து நடப்பதில்லை. மூன்றாவது கல்லில் இறங்கி மண்ணில் குறுக்கே போய்வந்து, அவர் கறிவேப்பிலைக்குத் தனியாக ஓர் ஒற்றையடிப் பாதை போட்டுவிட்டார். மழையில் அதே வழியாகச் சேறும் அடுக்களைக்கு வந்தது.

உபரியாக வாங்கிய மூன்று கல்லும் மதிலோரம் சாய்ந்திருந்தன. மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். அவர் தடத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், அரைநாள் கூலி என்றார். தாயார் நடந்தே பாதி வேலையை முடித்துவிட்டதால் கால்நாள்தான் தரமுடியும் என்று வாதாடிக்கொண்டிருக்கிறார் அதிகாரி.