முற்றத்துக்கு எத்தனை கியூப்?

கேள்வி: எங்கள் முன்முற்றம் 20க்கு 15 அடி, வெறும் மணல். பூமரம் நட்டு இன்டர்லொக் கல் பதிக்க மேசன் ஒரு மொத்தத் தொகை சொல்கிறார். நியாயமா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகி, சாய்ந்தமருது

பதில்: தங்கச்சி, மொத்தத் தொகைக்கு வாய் கிடையாது, பிரித்துக் கேட்டால்தான் பேசும். மண், கல், கூலி, ஏற்றுகூலி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

300 சதுர அடி முற்றத்தில் 4 அங்குலம் மண் பரப்பினால் 100 கன அடி. அதாவது சரியாக ஒரு கியூப். மூன்று கியூப் என்று எழுதியிருந்தால் முற்றம் ஓரடி உயரும். அடைமழையில் தண்ணீர் அடுத்த வளவுக்குள் இறங்கும், அயலாரின் குரலும் உயரும்.

கல்லை முற்றம் முழுக்கப் பதிக்காதீர்கள். கேற்றிலிருந்து வாசல் வரை 3 அடி அகலப் பாதை போதும். நீளம் 15 அடி என்றால் 45 சதுர அடிதான்; கல்லுக்கான செலவு ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி நிலம் மழையைக் குடிக்கட்டும். 2004 சுனாமியில் கிணறுகள் உப்பானதைக் கண்ட கரை இது. நன்னீர் மேலிருந்துதான் இறங்க வேண்டும், அந்த வழியைக் காசு கொடுத்து அடைக்க வேண்டாம்.

மிச்சக் காசை எருவுக்குப் போடுங்கள். மணலில் ஈரம் நிற்காது. மாட்டெருவும் மக்கிய வைக்கோலும் கலந்து, குழியின் அடியில் தேங்காய்ப் பொச்சு புதைத்தால் நிற்கும். போகன்வில்லாவும் நித்தியகல்யாணியும் உப்புக்காற்றைத் தாங்கும். ஒக்டோபர் மழையோடு நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலையும் குறையும்.