வெல்கம் சொல்லும் கம்ப்யூட்டர்

தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பும்போது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்தால், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி தாண்டி ரயில் பொத்தேரிக்கே வந்துவிடும். கம்ப்யூட்டர் இன்னும் ‘வெல்கம்’ சொல்லிக்கொண்டிருக்கும். மனைவி சாம்பிராணி காட்டினாள். நான் ‘ரிஃப்ரெஷ்’ அழுத்தினேன். இரண்டுக்கும் ஒரே பலன். வேகம் கூட்ட இறக்கிய மூன்று இலவச ‘க்ளீனர்’களும் முதல் ஆளாக ஏறி ஸீட் பிடித்துக்கொண்டன. இரண்டு ஆன்டிவைரஸ்கள் வாசலில் நின்று ஒன்றையொன்று சோதனை போட்டன.

கடைசியில் எதிர்வீட்டு இன்ஜினியரிங் மாணவன் அத்தனையையும் இறக்கிவிட்டான். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ரிச்சி தெருவில் வாங்கிய, சுற்றவே சுற்றாத எஸ்.எஸ்.டி.யை மாட்டினான். பறக்கிறது!

ஆகவே நேயர்களே, சுற்றும் தட்டை மாற்றுங்கள். சாம்பிராணியை வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.