மூன்றாண்டுத் திட்டமும் ஒன்றரை வோல்ட்டும்

பழைய டைரி ஒன்றில் ‘ஸ்டீரியோ மேம்பாடு: மூன்றாண்டுத் திட்டம்’ என்று எழுதி, அடியில் சிவப்பு மையால் இரண்டு கோடும் இழுத்திருந்தார் கட்டுரையாளர். முதல் வருஷம் பெரிய ஆம்ப்ளிஃபயர். இரண்டாம் வருஷம் ‘ஹை-ரெஸ்’ பிளேயர், கூடவே தங்க முலாம் பூசிய வயர். மூன்றாம் வருஷம் சப்வூஃபர். பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு மட்டும் டைரியில் பக்கம் ஒதுக்கவில்லை.

குறை ஒன்றே ஒன்றுதான். பாட்டில் பேஸ் இல்லை. தபேலா வாசித்தால் பிஸ்கட் டின்னைத் தட்டுவது போலிருந்தது. 1978-இல் வந்த ‘ப்ரியா’ படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. அந்த இசைத்தட்டைப் போட்டால் ஜேசுதாஸ் நடு ஹாலில் நின்று பாட வேண்டும். இவர் வீட்டில் அவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை. ஒரு சமயம் சமையலறைப் பக்கம், ஒரு சமயம் பால்கனிக்கு வெளியே.

‘இருக்கிறது 50 வாட், 100 வாட் வாங்கினால் தீர்ந்தது’ என்று ரிச்சி தெருவுக்குக் கிளம்பினார். கிளம்புமுன் ஒரு கணக்குப் போட்டதுதான் வினையாயிற்று. வாட்டை இரட்டித்தால் சத்தம் கூடுவது வெறும் 3 டெசிபல். ‘கொஞ்சம் கூடியிருக்கோ?’ என்று கேட்கும் அளவு. காதுக்கு இரண்டு மடங்காகப் படவேண்டுமென்றால் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்கு. அதாவது 500 வாட். ஹாலில் கல்யாணக் கச்சேரி வைப்பதானால் சரி. சாதாரணமாகப் பாட்டுக் கேட்க ஓரிரு வாட்டுக்கு மேல் செலவாவதே அபூர்வம். அதே 3 டெசிபல், ஒரு வாட்டுக்கு 87 டெசிபல் தரும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 90 தருவதை வைத்தாலும் கிடைக்கும்.

முதல் வருஷம் அடிபட்டது.

இரண்டாம் வருஷத் திட்டத்தைக் கவிழ்த்தவள் மகள். 1982-இல் விற்பனைக்கு வந்த சி.டி. விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கிறது. அதில் பாதி வரை, அதாவது சுமார் 22,000 ஹெர்ட்ஸ் வரை, அது பிடித்து வைக்கும். மனிதக் காதோ இளமையிலேயே 20,000-இல் நின்றுவிடும். போனில் ஒவ்வொரு அலைவரிசையாக ஒலிக்கவிட்டு அப்பாவைச் சோதித்தாள். 12,000-க்கு மேல் அப்பா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “சமையலறையிலிருந்து கூப்பிட்டாலும் இதே முகம்தான்” என்றாள் மனைவி. அது வேறு வியாதி என்று கட்டுரையாளர் விளக்கியதை யாரும் பதிவு செய்யவில்லை. தங்க முலாம் வயரும் கூடவே போயிற்று. நாலைந்து மீட்டர் தூரத்துக்கு வீட்டு லைட்டுக்கு இழுக்கிற ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். செம்பு வயரே தாராளம்.

மிச்சம் சப்வூஃபர். அதற்கு முன்பணம் கொடுக்கவிருந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஊரிலிருந்து மாமனார் வந்தார். டெலிபோன் இலாகாவில் முப்பது வருஷம் கம்பி முறுக்கியவர்.

வந்தவர் முதலில் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றினார். இடது ஸ்பீக்கர் பீரோ மேல், கொலுப் பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில். வலது ஸ்பீக்கர் தரையில், ஃபிரிட்ஜை ஒட்டி. நடுவில் நின்று கை தட்டினார். மொசைக் தரையும் வெறும் சுவரும் அந்தத் தட்டலைப் பந்து போலத் திருப்பி அடித்தன. “மாப்ளே, இது ஹாலா, கிணறா?”

பவானி ஜமக்காளம் ஒன்று பரணிலிருந்து இறங்கியது. ஸ்பீக்கர்கள் இரண்டும் சுவரை விட்டு ஒன்றரை அடி முன்னால் ஸ்டூல்களில் ஏறின, டுவீட்டர் காது உயரத்தில். நாற்காலியும் இரண்டு ஸ்பீக்கர்களும் சமபக்க முக்கோணமாயின. குரல் தெளிந்தது. பேஸ் மட்டும் வரவில்லை.

மாமனார் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார். அதன் செல்லை உருவினார், ஒன்றரை வோல்ட். ஆம்ப்ளிஃபயர் பக்கம் வயர்களைக் கழற்றி, வலது ஸ்பீக்கரின் வயர் முனைகளில், சிவப்பைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் ஒரு கணம் தொட்டார். கூம்பு ‘டப்’பென்று முன்னால் வந்தது. இடது பக்கத்திலும் அதே மாதிரி தொட்டார். கூம்பு உள்ளே போயிற்று.

வீடு மாறியபோது வயர் கொடுத்தது வேறு யாருமல்ல, கட்டுரையாளரே. ஆறு வருஷமாக ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ள, மற்றது இழுக்க, அடிக்குரல் ஒலிகளெல்லாம் ஒன்றையொன்று தின்று தீர்த்திருக்கின்றன. நடுவில் நிற்க வேண்டிய பாடகருக்கு நிற்க இடமில்லாமல் போனதும் அதனால்தான்.

ஸ்டீரியோ பிறந்ததற்கே ஒரு கதை உண்டு. லண்டனில் ஆலன் பிளம்லைன் என்ற பொறியாளர் வருங்கால மனைவியோடு சினிமாவுக்குப் போனாராம். நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் இருக்க, குரல் வேறெங்கிருந்தோ வந்ததாம். இதற்கு ஒரு வழி செய்கிறேன் என்று அவரிடம் சொன்னவர், 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் அத்தனை பாடுபட்டுச் சேர்த்து வைத்ததைக் கட்டுரையாளர் ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவரால் பிரித்துவிட்டார்.

வயரை மாற்றிக் கொடுத்து, ‘ப்ரியா’வைப் போட்டார்கள். ஜேசுதாஸ் ஜமக்காளத்தின் நடுவில் வந்து நின்றார். தபேலா அதிர்ந்ததில் பீரோ மேலிருந்த கொலுச் செட்டியார் லேசாகத் தலையாட்டினார்.

செல் இப்போது மாமனாரின் சட்டைப் பையில் இருக்கிறது. ஊருக்குத் திரும்புவதை ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, அடுக்ககத்தில் யார் வீட்டில் ஸ்பீக்கர் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். சுவர்க் கடிகாரத்தில் இன்னும் பத்து முப்பத்தேழு.