ஒன்பதாவது சவப்பெட்டி

ராணுவத்தின் வரலாற்றை எழுத ஆசைப்படுகிறவர் முதலில் தீப்பெட்டியின் வரலாற்றைப் படித்துவிட்டு வரட்டும். அயர்லாந்தில் அதற்குப் பாடத்திட்டமே இருக்கிறது.

1922 ஜூன் 28, உள்நாட்டுப் போர் தொடங்கிய நாள். புதிதாய்ப் பிறந்த தேசிய ராணுவம், நேற்றுவரை எதிரியாயிருந்த பிரிட்டிஷ்காரனிடமே பீரங்கியை இரவல் வாங்கி, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தில் உட்கார்ந்திருந்த பழைய தோழர்களைச் சுட்டது. இரண்டு நாளில் அங்கிருந்த ஆவணக் காப்பகம் வெடித்து, எழுநூறு வருஷத்துக் காகிதம் சாம்பலாய் ஊர்மேல் பறந்தது. காப்பகத்தை வெடிமருந்துக் கிடங்காக்கியது அவர்கள், குண்டு போட்டது இவர்கள். பழி மட்டும் எப்போதும் அடுத்தவர் தலையில். சரி, அது வெறும் ஒத்திகை.

1923 மார்ச் 6 அன்று கெரி மாவட்டத்தில் எதிர்த்தரப்பினர் கண்ணிவெடி வைத்து ராணுவத்தினர் ஐவரைக் கொன்றார்கள். அதுவும் கொலைதான். மறுநாள் விடியுமுன் பாலிசீடி என்ற இடத்துக்கு ஒன்பது கைதிகளைக் கொண்டுபோய், கண்ணிவெடியைச் சுற்றிக் கட்டிவைத்து, வெடிக்க வைத்தது ராணுவம். எட்டுப் பேர் செத்தார்கள். ஸ்டீபன் ஃபுல்லர் என்பவர் தூக்கியெறியப்பட்டுத் தப்பினார். சிதறிய உடல்களை எண்ணிப் பார்க்கவும் பொறுமையில்லாத ராணுவம், ஒன்பது சவப்பெட்டிகளை உறவினரிடம் ஒப்படைத்தது. ஒன்பதாவது பெட்டியில் யார் கை, யார் கால்?

விசாரணை நடக்காமலா போகும்? நடந்தது. தலைமை தாங்கியவர் பாடி டேலி. கெரியில் அந்தப் படைக்கே தளபதி. கைதிகள் சாலைத் தடையை அகற்றும்போது எதிரி வைத்த வெடி வெடித்தது என்று தீர்ப்பு. பாலுக்குப் பூனை காவல் இருந்தது பழைய கதை. இங்கே பூனைதான் நீதிபதி. செத்துப்போனதாகப் பெட்டியில் அடைக்கப்பட்ட ஃபுல்லர் 1937இல் நாடாளுமன்ற உறுப்பினரே ஆனார்! அறிக்கைக்கு வெட்கமில்லை.

1932இல் ஆட்சி மாறியது, தோற்றவர்கள் அரியணை ஏறினார்கள். அவர்கள் பதவியேற்க இரண்டு நாள் முன்பு, மார்ச் 7 அன்று, பாதுகாப்பு அமைச்சர் டெஸ்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கையெழுத்திட்டார்: உளவு அறிக்கைகள், ராணுவ நீதிமன்ற நடவடிக்கைகள், மரண தண்டனை விவரங்கள், எல்லாவற்றையும் எரித்துவிடுக. பாலிசீடி நடந்து ஒன்பது வருஷம், அதே தேதி. அமைச்சர் கவிஞரும்கூட, சொற்சிக்கனம் தெரிந்தவர். அந்தப் போரில் மரண தண்டனையாகச் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 77 பேர் என்பது வெகுகாலக் கணக்கு, 81 என்பது இப்போதைய கணக்கு. எரிக்கச் சொன்ன உத்தரவு மட்டும் எரியாமல் தப்பிவிட்டது.

பிறகு 1947இல் அரசுக்கு ஞானம் பிறந்து, ராணுவ வரலாற்றுப் பணியகம் ஒன்று வைத்தது. பத்து வருஷம், 1,773 வாக்குமூலங்கள். எந்தக் காலத்துக்கு? 1913 முதல் 1921 ஜூலை வரை. உள்நாட்டுப் போர் தொடங்கியது 1922. அண்ணன் தம்பி வெட்டிக்கொண்ட வருஷத்துக்கு முந்தின வருஷத்தோடு வரலாறு கௌரவமாக முடிந்துவிடுகிறது. அதையும் 83 இரும்புப் பெட்டிகளில் பூட்டி 2003இல்தான் திறந்தார்கள். சாட்சி சொன்னவன் செத்த பிறகுதான் சாட்சியம் வெளியே வரலாமாம். குறுக்கு விசாரணைக்கு ஆள் கிடைக்காது பாருங்கள்.

அப்புறம் உண்மை எங்கேதான் பிழைத்தது? பென்ஷன் ஃபைலில். 1924இல் ஒரு சட்டம் போட்டு, ராணுவத்தில் இருந்தவனுக்கு ஓய்வூதியம் என்றார்கள். எதிர்த்தரப்புக்கு அது வர 1934 ஆயிற்று. காசு சும்மா வருமா? எந்த ஊர், எந்தத் தாக்குதல், பக்கத்தில் நின்றவன் யார், மேலதிகாரி யார் என்று அரசே குடைந்து குடைந்து கேட்டு எழுதி வாங்கியது. இன்று ரத்மைன்ஸ் ராணுவ முகாமில் உள்ள காப்பகத்தில் ஆய்வாளர்கள் அந்தக் காகிதங்களைத்தான் புரட்டுகிறார்கள். 2014 முதல் கட்டுக் கட்டாக வெளிவருகின்றன.

எல்லாவற்றையும் எரித்த துரைமார் இதை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? மறதி என்று நினைக்காதீர்கள். அந்தக் கட்டுக்குள் அவர்களுடைய பென்ஷனும் இருந்தது.