பாதிப் பந்தியில் எழுந்தவன்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள மாமாவுக்கு,

ஆகஸ்ட் 20-ஆம் தேதி இரவு விமானம். பதினோரு வருஷக் குடித்தனத்தை எட்டுப் பெட்டிக்குள் அடக்கியாகிவிட்டது. அடங்காமல் நிற்பது ஒன்றுதான்: இந்த ஊர் வருமான வரி.

ஊரைக் காலி செய்கிறவனுக்கு என்ன வரி என்று நானும் நினைத்தேன். இங்கே வரி வருஷம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. கணக்கைக் கொடுக்க மறு ஏப்ரல் 15 கெடு. அதாவது, ஊர் திரும்பி மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப் வெயிலுக்கு நான் பழகிய பிறகும் அமெரிக்காவுக்குக் கணக்கு எழுத வேண்டும்.

வரிச் சட்டத்தில் இதுவரை நான் 'ரெசிடென்ட் ஏலியன்'. ஏலியன் என்றால் வேற்றுக் கிரகத்து ஆள் என்று உங்கள் பேரன் சிரிக்கிறான். விமானம் ஏறிய மறுநாள் முதல் 'நான்-ரெசிடென்ட் ஏலியன்'. ஒரே வருஷத்தில் இரண்டு ஆள். முன்னவனுக்கு 1040, பின்னவனுக்கு 1040-என்.ஆர். பின்னதன் மேலே 'டூயல் ஸ்டேட்டஸ் ரிட்டர்ன்' என்று எழுதி, இரண்டையும் சேர்த்துப் பின் குத்தி, டெக்சாஸில் இருக்கும் ஆஸ்டினுக்குத் தபாலில் போடு என்கிறார் கணக்குப் பார்ப்பவர்.

இப்படி இரண்டாகப் பிரிந்தவனுக்கு 'ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்' கிடையாது. வருஷா வருஷம் கேள்வி கேட்காமல் வருமானத்தில் கழித்துக்கொள்ள விட்ட தொகை அது. பாதிப் பந்தியில் எழுந்தவனுக்குப் பாயசம் இல்லை! புருஷன் பெண்டாட்டி சேர்ந்து கணக்குக் காட்டவும் வழியில்லை. கடைசி வருஷத்தில், காகிதத்தில் மட்டும், தனிக்குடித்தனம். அவள் இதைக் கேட்டு வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

பச்சை அட்டை வாங்கி எட்டு வருஷம் வைத்திருந்தால், அதைத் திருப்பிக் கொடுக்கும்போது 8854 என்று இன்னொரு படிவம் உண்டு. அந்த அட்டைக்கு நின்ற வரிசை நகராததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

'செய்லிங் பெர்மிட்' என்று ஒன்றும் சட்டத்தில் இருக்கிறது. கப்பலில் போன காலத்துப் பெயர். நம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பெனியை விட்டு நிற்கிறவன் 'நோ டியூ' வாங்குவானே, அந்த மாதிரிச் சீட்டு. எனக்கு முன்னால் திரும்பிய நண்பர்கள் யாரிடமும் ஏர்போர்ட்டில் அதைக் கேட்கவில்லையாம்.

அங்கே வந்தால் மட்டும் முழு ஆளா? நம் வருமான வரிச் சட்டத்தில் கொஞ்ச காலத்துக்கு நான் 'வசிப்பவர், ஆனால் சாதாரணமாக வசிப்பவர் அல்லர்'. அத்தையின் சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டே நான் எப்படி அசாதாரணமாக வசிப்பது?

இப்போது உங்கள் விஷயம். நாம் சேர்ந்து வைத்திருக்கும் வங்கிக் கணக்கு இருக்கிறதல்லவா? வெளிநாட்டுக் கணக்குகளில் இருப்பதையெல்லாம் கூட்டி, வருஷத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அமெரிக்கக் கருவூலத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வீடு கட்டப் பணம் அனுப்பியதிலிருந்து நம் பாஸ்புக் சங்கதி வருஷா வருஷம் அங்கே போய்க்கொண்டிருக்கிறது. உங்களிடம் சொன்னால் பயப்படுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை.

இந்த வருஷத்தில் அதிகபட்சமாக எவ்வளவு இருந்தது, எந்தத் தேதியில் என்று பார்த்து எழுதுங்கள். டூல் ரூமில் மைக்ரோமீட்டர் பிடித்த உங்கள் கண்ணுக்குத் தப்பாது. வங்கியில் பிரிண்டர் ஓடுகிற நாளாகப் பார்த்துப் போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்