போடி ஏலக்காய்க் கடைகளில் கணினிப் பிழைச்செய்திகள்: தோற்றமும் வளர்ச்சியும்

ஆய்வேடு எதுவானாலும் ஆதிமனிதனில் தொடங்க வேண்டும் என்பது நம் பல்கலைக்கழக மரபு. ஆதிமனிதனிடம் கணினி இல்லை. ஆகவே பிழைச்செய்தியும் இல்லை. முதல் இயல் முற்றிற்று.

அடுத்தது ஆய்வெல்லை. தெற்கே லோயர் கேம்ப், வடக்கே தேனி அல்லிநகரம், மேற்கே போடி மெட்டு, கிழக்கே மேகமலை. இந்த நான்கெல்லையைத் தாண்டினால் பஸ் செலவு கைக்காசிலிருந்து போகும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. மற்ற ஆய்வாளர்களும் இதே காரணத்துக்காகத்தான் எல்லை வகுக்கிறார்கள். எழுதும்போது மட்டும் 'ஆழம் கருதி' என்று எழுதுவார்கள்.

முன்னாய்வுகள்: இத்துறையில் ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன், பார்த்து எழுதியிருப்பேன்.

இனி ஆய்வுக்களம். போடிநாயக்கனூரிலும், மலைக்கு அங்கிட்டு இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டு ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் நடத்துகிறது. 2021 ஜனவரியில் அந்த ஏலம் கிளவுடுக்கு ஏறியது. ஒரே ஏலத்தில் இரண்டு ஊர் வியாபாரிகளும் அவரவர் ஊரில் உட்கார்ந்தபடி விலை கேட்கலாம். ஏலம் முடிந்தால் எத்தனை லாட், வந்த கிலோ, விற்ற கிலோ, அதிகபட்ச விலை, சராசரி விலை என்று ஒரு வரி வெளியாகும். அந்த ஒரு வரியில் குழப்பமே கிடையாது. அதைக் கடைக் கணக்கோடு சேர்த்து, முதலாளி கைபேசியிலேயே பார்க்கும்படி பச்சையும் சிவப்புமாகப் படம் காட்ட ஒரு அறிக்கை மென்பொருள் வாங்குகிறார்கள் பாருங்கள், அந்த இடத்தில்தான் நம் ஆய்வுப்பொருள் பிறக்கிறது.

மூலங்கள் வாய்மொழி. போடியில் ஒரு டீக்கடை பெஞ்ச். அதில் இரண்டு உரைமரபுகள் உண்டு. சுவரில் சாய்ந்து உட்காருகிறவர்கள் சுவர்ப்பக்கத்தார். தெருவைப் பார்த்து உட்காருகிறவர்கள் ரோட்டுப்பக்கத்தார். இரு மரபுக்கும் பொதுவான நூல் ஒன்றே ஒன்றுதான்: கடையின் கடன் நோட்டு.

பிழைச்செய்திகளில் முதல் வகை மௌனம். வட்டம் சுற்றும். இன்னும் சுற்றும்.

இரண்டாவது, ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, சிறிது நேரம் கழித்து முயலுங்கள் என்பது. மென்பொருளுக்கே தெரியாததை அது தாழ்மையுடன் ஒப்புக்கொள்வதாகச் சுவர்ப்பக்கத்தார் உரை சொல்வார்கள். தெரிந்தே மறைக்கிறது என்பது எதிர்மரபு (வாய்மொழி: மேற்படி பெஞ்ச், ரோட்டுப்பக்கம், முதல் டம்ளர்). எதிர்மரபே சரி. என்ன நடந்தது என்று உள்ளே ஒரு பதிவேட்டில் வரி வரியாக எழுதி வைத்துவிட்டுத்தான் வெளியே இப்படிப் பேசுகிறது.

மூன்றாவது, உங்கள் நிர்வாகியை அணுகவும். மூன்று பேர் வேலை செய்யும் கடையில் இந்தச் செய்தியைப் படித்துக்கொண்டிருப்பவர்தான் நிர்வாகி. அவர் தம்மை அணுகுகிறார். பயன் இல்லை.

எண் சொல்லும் செய்திகளை இந்த அளவுக்குக் குறை சொல்ல முடியாது. 4இல் தொடங்கினால் தப்பு கேட்டவர் பக்கம். 5இல் தொடங்கினால் சர்வர் பக்கம். 404 என்றால் அந்த முகவரியில் ஒன்றும் இல்லை. 503 என்றால் இப்போதைக்கு முடியாது. 502, 504 இரண்டும் இடைத்தரகர் சமாச்சாரம்: நடுவில் நிற்கிற சர்வருக்குப் பின்னாலிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை, அல்லது நேரத்துக்கு வரவில்லை. கமிஷன் வியாபாரம் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 418க்கு மட்டும் ஒரு குறிப்பு தேவை. 1998 ஏப்ரல் முதல் தேதி வெளியான ஆவணத்தில் அது இருக்கிறது. டீ போடும் பாத்திரத்திடம் காபி கேட்டால் 'நான் டீப்பாத்திரம்' என்று அது திருப்பிச் சொல்ல வேண்டிய எண் அது. உலகத் தரநிலைகளைத் தொகுக்கிறவர்கள் தங்கள் எழுத்தைத் தாங்களே கேலி செய்து அதே வரிசையில் அச்சிட்டிருக்கிறார்கள். நம் ஆய்விதழ்கள் எதிலும் இப்படி ஒன்றைப் பார்க்க முடியாது. அங்கே கேலி தெரியாமல்தான் நடக்கும்.

எக்செல் வகை பற்றி ஒரே வரி: கட்டம் முழுக்க ######## என்று வந்தால் கிலோ எதுவும் தொலையவில்லை, கட்டத்தை அகலமாக்கவும்.

இப்போது முக்கியமான இயலுக்கு வருகிறோம். பிழைச்செய்தியின் கீழே பொடி எழுத்தில் ஒரு நீள எண் இருக்கும். ரெக்வஸ்ட் ஐடி, கோரிலேஷன் ஐடி, ஆக்டிவிட்டி ஐடி என்று பல பெயர்கள். பெஞ்ச் வழக்கில் 'அந்த நீட்டு நம்பர்'. மொத்தம் 32 எழுத்துகள். எட்டு, நான்கு, நான்கு, நான்கு, பன்னிரண்டு என்று சீர் பிரித்து நடுவே நான்கு கோடுகள். 0 முதல் 9 வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளும் மட்டுமே வரும். ஏழாவது எழுத்து வந்ததாக இதுவரை எந்தப் பாடபேதமும் கிடைக்கவில்லை.

இவ்வெண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபோது ஒரு பேருண்மை புலப்பட்டது. மூன்றாம் சீரின் முதல் இடத்தில், அதாவது பதின்மூன்றாம் இடத்தில், பெரும்பாலும் நான்கே நிற்கிறது. கடை மாறினாலும் தேதி மாறினாலும் பிழை மாறினாலும் நான்கு அசைவதில்லை. அடுத்த சீரின் முதல் இடத்தில் 8, 9, ஏ, பி என்ற நான்கில் ஒன்றுதான் வருகிறது. மீண்டும் நான்கு!

நான்கின் நிலைபேறு குறித்து உரைகள் பலவாறு விரிகின்றன. நான்கு வேதங்களைக் குறித்தது என்பர் சுவர்ப்பக்கத்தார். நான்கு திசைக்கும் போன் பண்ணிவிட்டேன், எவனும் எடுக்கவில்லை என்பதன் குறியீடு என்பர் ரோட்டுப்பக்கத்தார் (மேற்படி, இரண்டாம் டம்ளர், சர்க்கரை குறைத்த பதிப்பு). தேனி மாவட்டத்தின் வட்டங்களைக் குறித்தது என்று ஒரு கருத்து எழுந்து, வட்டங்கள் ஐந்து என்று தெரிந்ததும் அடங்கியது, ஆனால் ஐந்தாவது வட்டம் பிற்காலத்து இடைச்செருகல் என்று வாதிட்டால் அக்கருத்தை இன்றும் காப்பாற்றலாம் (மேற்படி, சுவர்ப்பக்க மரபின் திருத்திய மூன்றாம் டம்ளர், வடைக்கு முந்தைய பகுதி மட்டும், ஒப்பு: கடன் நோட்டு, முன்னட்டை உட்புறம், பென்சில் குறிப்பு, ஒரு மூலை எண்ணெய் பட்டுப் படிக்க இயலவில்லை). எண்ணெய் பட்ட மூலையில்தான் விடை இருந்தது என்று நான் கருதுகிறேன். படிக்க முடியாத பகுதியில்தான் நம் கொள்கைக்குச் சான்று இருந்தது என்று கருதுவது இத்துறையில் ஏற்கப்பட்ட முறையே.

இத்தனைக்கும் 2005இல் வந்த ஆர்எஃப்சி 4122 என்ற தரநூல் இதை ஒரு வரியில் முடித்துவிடுகிறது. அந்த நான்கு என்பது வகையைச் சொல்லும் எண். நான்காம் வகை என்றால் குத்துமதிப்பாகக் குலுக்கி எடுத்தது. ஆகவே முப்பத்திரண்டு எழுத்தில் அந்த நான்கு உறுதியாகச் சொல்லும் செய்தி, மற்றது பெரும்பாலும் குலுக்கல் என்பதுதான். 2024இல் இந்நூலுக்குப் பதிலாக 9562 என்ற புதுநூல் வந்தது. நூல் மாறியது, நான்கு மாறவில்லை.

குலுக்கல் எண்ணுக்கு எதற்கு உரை என்று கேட்கலாம். அது பூட்டுக்குரிய சாவி. பூட்டு கம்பெனிக்காரன் பதிவேட்டில் இருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் அவன் அந்த வரியைத் தேடி எடுப்பான். கொடுக்கும் முறையில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். திரையை போட்டோ பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது கடைசிப் பன்னிரண்டில் பாதி வெட்டுப்பட்டிருக்கும். போனில் சொன்னாலோ, ஆறு ஆங்கில எழுத்துகளில் பி, சி, டி, இ நான்கும் காதுக்கு ஒன்றுபோலவே விழும். "அண்ணே, அது பி-யா டி-யா?" "பி-ப்பா, பாம்பே பி." "டாம்பேயா?" இப்படியே மதியச் சாப்பாடு வந்துவிடும். எண்ணை அப்படியே காப்பி செய்து எழுத்தாக அனுப்பவும்.

கூடவே நேரத்தையும் அனுப்பவும். இங்கே காலக்கணிப்புச் சிக்கல் ஒன்று உண்டு. செய்தியில் 04:12 என்று இருக்கும். அதிகாலை நான்கு மணிக்கு யார் கடையைத் திறந்தது என்று முதலாளி விசாரணை தொடங்குவார். வாட்ச்மேன் மேல் சந்தேகம் விழும். அது யுடிசி நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் காலை 9:42, கடையில் எல்லாரும் இருந்த நேரம். காலத்தை நகர்த்துவது நம் அறிஞர்களுக்குப் பழகிய வேலைதான். இங்கே ஐந்தரை மணி நேரம் போதும். ஐந்தாறு நூற்றாண்டு தேவையில்லை.

செய்தியே தராத பிழைகளைத் தனி இயலாக வைக்க வேண்டும், ஏனென்றால் காசு போவது இவற்றில்தான். ஆகஸ்ட் 5ஆம் தேதி ஏலத்தை 05/08 என்று எழுதுகிறோம். அமெரிக்க வழக்கத்தில் அமைத்த மென்பொருள் அதை மே 8 என்று வாங்கிக்கொள்ளும். ஒரு வார்த்தை பேசாது. ஒன்றாம் தேதியிலிருந்து பன்னிரண்டாம் தேதி வரை இந்தக் கூத்து நடக்கும். பதின்மூன்றாம் தேதி வந்தால்தான், பதின்மூன்றாவது மாதம் இல்லாததால், அது முனகும். எல்லாரும் பதின்மூன்றாம் தேதிக் கணக்கைத் தோண்டுவார்கள். அது ஒன்றுதான் சரியாக இருக்கும். (பதின்மூன்றாம் இடத்து நான்கும் பதின்மூன்றாம் தேதிப் பிழையும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது என் கருதுகோள். தற்செயல் என்கிறார்கள் ரோட்டுப்பக்கத்தார். அவர்கள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யவில்லை.)

ஊர்ப்பெயர் இன்னொன்று. ஆந்திரத்தில் மார்க்காபுரம் பக்கம் ஒரு கம்பம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து நம் கம்பமேதான். அங்கே பழைய பெரிய ஏரி, இங்கே 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை. வரைபடத்துக்கு ஊர்ப்பெயரை மட்டும் கொடுத்தால் அது எந்தக் கம்பத்தில் புள்ளி வைக்கும் என்பது அதன் இஷ்டம். மாநிலத்தையும் நாட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். போடிநாயக்கனூரை ஆங்கிலத்தில் ஒரு 'கே' போட்டும் இரண்டு 'கே' போட்டும் எழுதுகிறார்கள். மென்பொருளுக்கு அவை இரண்டு ஊர்கள், விற்பனையும் இரண்டாகப் பிரியும்.

கடைசியாகக் கேட்வே. கடைக் கணினியில் உள்ள கணக்கைக் கிளவுடுக்கு எடுத்துக் கொடுக்கும் நிரல் அது. கணக்கைத் தினமும் இரவு இரண்டு மணிக்குப் புதுப்பிக்கும்படி அமைத்துவிட்டுப் போயிருப்பார் மென்பொருள்காரர். இரவு எட்டரைக்குக் கடை சாத்தும்போது ஷார்ட் சர்க்யூட்டுக்குப் பயந்து மெயின் சுவிட்சை அணைப்பது நம் ஒழுக்கம். காலையில் புதுப்பிக்க முடியவில்லை என்ற செய்தி நிற்கும். காரணங்கள்: இடுக்கியில் மழை; போடி மெட்டில் கேபிள் அறுந்தது; போன வாரம் ஒரு பையன் பாஸ்வேர்டை மாற்றினான்; சர்வருக்குக் கண்ணேறு (மேற்படி பெஞ்ச், இரு மரபும் உடன்பட்ட ஒரே இடம், டம்ளர் எண் சிதைந்துள்ளது). பவர் பிஐ போன்ற மென்பொருள் தொடர்ந்து நான்கு முறை தோற்றால் அந்த அட்டவணையையே நிறுத்திவிடும். மீண்டும் நான்கு! இதை இங்கே விரிக்கப் பெருகும்.

ஒப்பாய்வு இல்லாத ஆய்வேடு செல்லாது என்பதால் இரண்டு ஒப்புமைகள். ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒரு கல், கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் அந்தவன் என்பவன் இறந்ததைச் சொல்கிறது. அது லோயர் கேம்ப் போகிற வழியில் பஸ் நிற்கும் நம் கூடலூர்தானா என்பதை அறிஞர்கள் முடிவு செய்யட்டும். கருத்தரங்குக்குக் கருத்தரங்கு கல்லுக்கு வயது ஏறுவதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எழுத்து புதிதாக இருந்த காலத்திலேயே, உளி பிடித்தவன் யார், எங்கே, எதனால் என்ற மூன்றையும் சில சொற்களில் வெட்டிவிட்டான். கல்லில் இடப்பஞ்சம். திரையில் இல்லை.

மற்றொன்று வைகை அணை. முழு நீர்மட்டம் 71 அடி. தண்ணீர் 66 அடி வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் கரையில் இருப்பவர்கள் ஆற்றுக்குள் இறங்கக் கூடாது. எவ்வளவு, யாருக்கு, என்ன செய்ய வேண்டும் எல்லாம் வந்துவிட்டது. 'அணையில் ஏதோ தவறு, சிறிது நேரம் கழித்து வந்து பாருங்கள்' என்று எந்தப் பொறியாளரும் அறிவித்ததில்லை.

முடிபு: பிழைச்செய்தி எழுதுகிறவர்களை ஓராண்டு வைகை அணையில் பயிற்சிக்கு வைக்க வேண்டும்.

பரிந்துரை: கடைக்காரர்கள் கேட்வே கணினிக்குத் தனி சுவிட்ச் போட்டு, மேலே சீட்டு ஒட்டுங்கள். "இரவு இரண்டு மணிக்குக் கணக்கு ஏறும். இதை அணைக்காதே" என்று எழுதுங்கள். 'நிர்வாகியை அணுகவும்' என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.